பக்கவாட்டுச் சுவிட்ச் கொண்ட பாக்கெட் டார்ச்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பழுது நீக்க அனுப்பியிருந்த என் பாக்கெட் டார்ச், குழாயும் பின்மூடியும் புதிதாக மாற்றப்பட்டு அண்மையில் திரும்பி வந்தது. அது வருவதற்குள் அதே மாடலின் விலை நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். லூமன் (வெளிவரும் மொத்த ஒளியின் அளவு) எவ்வளவு, எடை எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருப்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. நாள்தோறும் உடன் வைத்துப் புழங்கினால் மட்டுமே தெரியவரும் குறை ஒன்று இந்த டார்ச்சில் இருக்கிறது. அது அதன் பக்கவாட்டுச் சுவிட்ச். இந்தப் பகிர்வின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆயினும் ஒளியைப் பற்றி முதலில் சொல்வதே நியாயம். ஒளியின் தரத்தில் இதற்கு இணையான சிறிய டார்ச்சை நான் கையாண்டதில்லை. இன்றைய வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசிச் செய்யப்படுகிறது. நீலத்தில் ஒரு பகுதி அப்படியே வெளியேற, மீதி மஞ்சளாக மாறி, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றன. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் இந்த முறையில் வெள்ளை எல்.இ.டி.யைக் கொண்டுவந்தது. இந்தக் கலவையில் இயல்பாகவே சிவப்பு குறைவு. மலிவான டார்ச்சின் நீலம் பாய்ந்த ஒளியில் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்றுபோலத் தெரிவதற்கும், மனிதத் தோல் உயிரற்று வெளிறித் தெரிவதற்கும் அதுவே காரணம்.

நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை 100க்கு இத்தனை என்று குறிக்கும் சி.ஆர்.ஐ. எண், வழக்கமான குளிர்வெள்ளை டார்ச்சுகளில் 70 அளவில் நிற்கிறது. என் டார்ச்சில் அது 90க்கு மேல். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி என்பதையும், ஆர்9 எனப்படும் அடர்சிவப்பு அந்தச் சராசரியில் சேராது என்பதையும் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது. 80 என்று பெருமையாக அச்சிட்ட டார்ச்சிலும் சிவப்பு மங்கிக் கிடக்க இடமுண்டு. இந்த டார்ச்சில் ஆர்9 உயர்வு. விரலில் ஏறிய சிராயை ஊசியால் எடுக்கும்போது, தோலுக்கு அடியில் மரத்துணுக்கு எங்கே முடிகிறது, சுற்றிலும் சிவந்த தசை எங்கே தொடங்குகிறது என்று இந்த ஒளியில் பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்த வேலையைச் செய்துமுடித்த ஒவ்வொரு முறையும் இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இரண்டாவது நிறைவு, இதன் மிகக் குறைந்த ஒளி. ஒரு லூமனுக்கும் கீழான இந்த அளவைப் பலர் விளையாட்டாகக் கருதுகிறார்கள். நானோ நாளின் பெரும்பாலான தேவைகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகின்றன; பழகிய கண்ணின் மேல் பேரொளி ஒரு கணம் பட்டாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும், உறங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்யப் போனாலும் வேண்டியது இந்த மெல்லிய ஒளிதான். அணைந்திருக்கும் நிலையில் சுவிட்சைச் சற்று அழுத்திப் பிடித்தால் டார்ச் நேராக இந்த அளவில் எரியத் தொடங்கும். வேறு எந்த அளவையும் கடந்து வர வேண்டியதில்லை. இந்த வசதியைத் தருவது மின்னணுச் சுவிட்ச் என்பதையும், பின்புறம் அழுத்தும் சாதாரண இயந்திரச் சுவிட்சால் இவ்வளவு எளிதாக இதைத் தர இயலாது என்பதையும் கோபத்துக்கு இடையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உச்ச ஒளியைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 என்ற அளவீட்டு நெறி 2009இல் வந்த பிறகு, எரியத் தொடங்கி 30 வினாடி கடந்த பிறகே லூமனை அளக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. அதுவரையாவது டார்ச் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே நெறியில், ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் முழுவதும் எரியும் நேரமாகவே எண்ணப்படுவதால், 1000 லூமன், இரண்டு மணி நேரம் என்ற விளம்பரத்தில் அந்த இரண்டு மணியின் பெரும்பகுதி வெகு குறைந்த ஒளியில் கழியலாம். இதற்கு இயற்பியலே காரணம். விரல் நீள டார்ச்சில் 50 கிராம் அலுமினியம் இருப்பதாகக் கொண்டால், அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 45 ஜூல் போதும். உள்ளே 6 வாட் வெப்பம் உருவானால் எட்டு வினாடிக்குள் ஒரு டிகிரி ஏறும். ஓரிரு நிமிடங்களில் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் டார்ச் கையைக் காப்பாற்றுகிறது. அதைக் குறை என்று எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இனி அந்தச் சுவிட்ச். டார்ச்சின் தலைக்குச் சற்றுக் கீழே, உடலின் பக்கவாட்டில், ரப்பர் மூடிய சிறிய வட்டப் பொத்தானாக அது இருக்கிறது. நகத்தால் தடவினால் உடலின் வளைவுக்கு மேல் அது இம்மியளவு துருத்திக்கொண்டிருப்பது தெரியும். இருட்டில் கட்டைவிரல் தேடாமல் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் கட்டைவிரலுக்கு எளிதில் அகப்படுவது சாவிக்கொத்துக்கும் எளிதில் அகப்படும். அதுவும் போதாதென்று, பாக்கெட்டின் ஓரத்தைப் பற்றும் கிளிப்பைச் சுவிட்சுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பொருத்தித் தருகிறார்கள். கிளிப் துணியின் வெளிப்புறத்தில் நிற்பதால் சுவிட்ச் உள்நோக்கித் தொடையின் பக்கம் திரும்பிவிடுகிறது. குனியும்போதும், நாற்காலியில் அமரும்போதும், படியேறும்போதும் தொடைக்கும் துணிக்கும் நடுவே டார்ச் நெருக்குண்டு, பொத்தான் தானாக அழுந்துகிறது.

அழுந்தும் விதத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். மெதுவான நீண்ட அழுத்தமாக இருந்தால் மெல்லிய ஒளி எரியத் தொடங்கும். துணிக்குள் அது யார் கண்ணுக்கும் தெரியாமல் எரிந்துகொண்டே இருக்கும். சட்டென்ற அழுத்தமாக இருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய அளவை நினைவில் வைத்திருக்கும் டார்ச் அந்த அளவிலேயே எரியும்; அது உச்ச அளவாக இருந்துவிட்டால் தொடையில் சூடு உறைக்கும் வரை தெரியாது. ஒளி ஊடுருவாத தடித்த துணிக்குள் இவ்வளவு ஒளியும் வெப்பமாகவே முடிகிறது. கடுமையாக ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் இருட்டில் நின்று அவசரமாக வெளியே எடுத்து அழுத்தும்போது, பேட்டரி தீர்ந்ததைச் சொல்லும் சிவப்புப் புள்ளி மட்டும் கண் சிமிட்டி அணைவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் சுமக்கும் டார்ச்சில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. தேவைப்படும் நேரத்தில் எரியாத டார்ச்சின் சி.ஆர்.ஐ. 95 ஆக இருந்தால் என்ன, 70 ஆக இருந்தால் என்ன?

பூட்டிவைக்க வழி இல்லையா என்று கேட்கலாம். இரண்டு வழிகள் உண்டு. சுவிட்சைத் தொடர்ந்து சில முறை அழுத்தினால் மின்னணுப் பூட்டு விழும். திறக்கவும் அதே எண்ணிக்கையில் அழுத்த வேண்டும். பதற்றத்தில் எண்ணி அழுத்துவது எவருக்கும் இயலாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் கையில் கொடுத்தாலோ, டார்ச் கெட்டுவிட்டது என்றே சொல்வார்கள். மற்றது, பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துவது. அலுமினியத்தின் மேல் அனோடைஸ் செய்த பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மரைகளின் மேலும் அந்தப் பூச்சு இருப்பதால், மூடியை முழுமையாக முறுக்கிக் குழாயின் விளிம்பு மூடிக்குள் இருக்கும் வெற்று உலோகத்தைத் தொடும்போதுதான் சுற்று முழுமையடையும். சற்றுத் தளர்த்தினால் மின்சாரம் நின்றுவிடும். எளிமையான, நம்பத்தக்க பூட்டு. அதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வழக்கமாக்கியதன் விளைவு சில ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. பாக்கெட்டின் அடியில் சேரும் துணித்தூசும் நுண்மணலும் மரைக்குள் புகுந்து, ஒவ்வொரு திருகலிலும் பூச்சை அரைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. சிலிக்கான் கிரீஸ் தவறாமல் இட்டும் தேய்மானம் தள்ளிப்போனதே ஒழிய நிற்கவில்லை. கருமையாக இருந்த மரைகளின் முகடுகள் ஒவ்வொன்றாக வெள்ளி நிறம் காட்டத் தொடங்கின. பூச்சு போன இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டது. கால் சுற்று அல்ல, முக்கால் சுற்றுத் தளர்த்தினாலும் மின்சாரம் பாய்ந்தது. கூடவே ரப்பர் வளையமும் மூடியின் ஓயாத அசைவில் தட்டையாகித் தன் இறுக்கத்தை இழந்தது. எரியும்போது மூடியைச் சற்று அசைத்தால் ஒளி துடித்தது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொடுமுனைகளைத் துடைத்தால் சில நாட்கள் சரியாகும், மறுபடி துடிக்கும். பழுதுநீக்க அனுப்பியது இதற்காகத்தான்.

தயாரித்த நிறுவனத்தார் தாமதமில்லாமல், கட்டணமும் வாங்காமல், குழாயையும் மூடியையும் மாற்றித் தந்தார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை காண எதுவுமில்லை. ஆனால் உடன் வைத்திருந்த குறிப்பில், சுவிட்சைச் சோதித்ததாகவும் அது சரியாக இயங்குவதாகவும் எழுதியிருந்தார்கள். சரியாகத்தான் இயங்குகிறது, தொட்டாலே எரிகிறது என்பதுதானே என் முறையீடு! அந்தப் பொத்தானைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு வளையம் ஒன்றை உடலிலேயே எழுப்பியிருந்தால், அல்லது பொத்தானையே சற்றுக் குழிக்குள் இறக்கியிருந்தால், இந்தப் பத்திகளில் பாதியை எழுத வேண்டிய தேவையே வந்திராது. ஒளிக்காக இவ்வளவு சிந்தித்தவர்கள் பொத்தானுக்காக அந்த ஒரு மில்லிமீட்டரைச் சிந்திக்காமல் விட்டது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

கிளிப்பைக் கழற்றிச் சுவிட்ச் இருக்கும் பக்கமாகத் திருப்பியும் பார்த்தேன். தானாக எரிவது ஓரளவு குறைகிறது. பதிலுக்கு, எடுத்தவுடன் அழுத்த முடியாதபடி கிளிப்பின் இரும்பு விரலுக்குக் குறுக்கே நிற்கிறது. ஒளி அளவை மாற்ற ஒவ்வொரு முறையும் டார்ச்சைக் கைக்குள் உருட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பேட்டரியைப் பற்றியும் சில வார்த்தைகள். 14500 என்ற அளவுக் குறியீடு கொண்ட லித்தியம் அயன் பேட்டரி இல்லாத நேரத்தில் அதே அளவிலான ஏஏ பேட்டரியிலும் இது எரியும் என்பது பெரிய நன்மை. உச்ச ஒளி குறைந்தாலும் மற்ற அளவுகளில் வேறுபாடு அதிகமில்லை. அல்கலைன் பேட்டரியை மட்டும் உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது; தீர்ந்த நிலையில் கசியும் காரம் குழாயின் உட்புறத்தை அரித்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இங்கேயும் அதே சுவிட்ச் குறுக்கிடுகிறது: மின்னணுச் சுவிட்ச் எப்போது அழுத்துவார்கள் என்று காத்திருப்பதற்கே சிறிதளவு மின்சாரத்தை ஓயாமல் உறிஞ்சும். அன்றாடம் சார்ஜ் செய்பவருக்கு அது பொருட்டல்ல. மேசை இழுப்பறையில் போட்டுவைத்து மாதக்கணக்கில் மறப்பவருக்குப் பொருட்டுதான்.

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மேலே எழுதிய பாராட்டில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. இதே ஒளியை எங்கே கண்டாலும் மகிழ்வேன். குறைந்த விலை அந்தப் பொத்தானைக் குழிக்குள் தள்ளிவிடாது. பழுதுநீங்கிய டார்ச் இப்போது என் கட்டிலின் அருகே இருக்கிறது. நள்ளிரவு மெல்லொளிக்கு அதுவே போதும். பாக்கெட்டில் இருப்பது, அழுந்தாதபடி விளிம்புக்குள் அடங்கிய பின்புறச் சுவிட்ச் கொண்ட வேறொன்று. அதன் ஒளி நீலம் கலந்தது, சிவப்பு மங்கியது, எடுத்தவுடன் நடுத்தர அளவில்தான் எரியும். இத்தனை குறைகளோடும் அது நான் அழுத்தும்போது மட்டும் எரிகிறது.

தேர்வு செய்பவர் டார்ச்சைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால், சுவரில் ஒளியை அடித்துப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். பேட்டரியுடன் அதைப் பாக்கெட்டில் செருகி, சாவியையும் அதே பாக்கெட்டில் போட்டு, முழங்கால் மடங்க நன்றாகக் குந்தி எழுந்து, பிறகு எங்காவது உட்கார்ந்து எழுந்து, அதன் பின் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். எரிந்துகொண்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். பக்கவாட்டுச் சுவிட்ச்தான் வேண்டும் என்போர், நகத்தைப் பொத்தானின் குறுக்கே ஓட்டிப் பார்த்து, உடலின் விளிம்பு நகத்தில் முதலில் தட்டுகிறதா, பொத்தான் முதலில் தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். விளிம்பு முதலில் தட்டினால் மட்டுமே அதன் ஒளியைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.