இலக்கை யார் வைப்பது? ஸ்டார்டியூ வேலி, சிம்ஸ் 4, அனிமல் கிராசிங் – ஓர் ஒப்பீட்டு அலசல்

வாழ்க்கை சிமுலேஷன் கேமைப் பத்து நாள் ஆடிவிட்டு மூடிவைத்தவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வீடு கட்டியாச்சு, வேலை கிடைச்சாச்சு, இனி என்ன செய்யறது?" கேம் மோசம் என்பதல்ல காரணம். இலக்கைக் கேமே எடுத்துக் கொடுக்கும் என்று நம்பி, அப்படிக் கொடுக்காத கேமில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வகையில் அதிகம் பேசப்படும் மூன்று கேம்களும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஸ்டார்டியூ வேலி பட்டியல் போட்டுக் கொடுக்கும், சிம்ஸ் 4 எதையும் கட்டாயமாக்காது, அனிமல் கிராசிங்கில் கடிகாரம்தான் எஜமான்.

ஸ்டார்டியூ வேலி

எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. 500 கோல்டும் 15 பார்ஸ்னிப் விதையும் கொடுத்துப் பண்ணையில் இறக்கிவிடும். பருவத்துக்கு 28 நாள், ஆண்டுக்கு 112 நாள். கேமின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம்.

இலக்கு கண்ணெதிரே இருக்கிறது: ஊரின் பாழடைந்த பொதுக்கூடமான கம்யூனிட்டி சென்டரின் 6 அறைகள், 30 பண்டில்கள் (கேட்கும் பொருள்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொகுப்புகள்). புதிதாக வருபவர்கள் இங்கே சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். விளைந்ததையெல்லாம் விற்றுவிடுவார்கள். பருவம் மாறியதும் பயிர் பட்டுப்போகும், தவறவிட்டதற்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். 50 மரத்துண்டில் ஒரு பெட்டி செய்து, எது கிடைத்தாலும் முதல் ஒன்றை அதில் போட்டுவைத்தால் பாதிப் பண்டில்கள் தாமாகவே நிறையும். காலிஃபிளவர் விளைய 12 நாள் ஆகும் என்பதால் வசந்தத்தின் 16ஆம் தேதிக்குள் விதைக்க வேண்டும். பூசணிக்கு 13 நாள், எனவே இலையுதிர் பருவத்தின் 15ஆம் தேதி கடைசி. சிவப்பு முட்டைக்கோஸ்தான் பலரைக் கவிழ்ப்பது. சாயப் பண்டிலுக்கு அது வேண்டும், ஆனால் ஊர்க் கடைக்காரர் பியேரின் கடையில் அதன் விதை இரண்டாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். முதல் ஆண்டிலேயே முடிக்க நினைப்பவர்கள், புதிய பண்ணை தொடங்கும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் போய், முதல் ஆண்டில் முடிப்பதற்கு உத்தரவாதம் தரும் தேர்வை டிக் செய்துகொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.

சேகரிப்பில் பொறுமை இல்லாதவர்களுக்கு ஜோஜா வழி இருக்கிறது: ஜோஜா என்ற பெரிய அங்காடி நிறுவனத்திடம் பணம் கட்டியே ஊரைச் சீரமைப்பது. உறுப்பினர் கட்டணம் 5,000, பிறகு ஐந்து மேம்பாட்டுக்கும் சேர்த்து 1,35,000. கணக்குப் போட்டு உழைத்துப் பணம் குவிப்பதில் இன்பம் காண்பவருக்கு இது முழுக்க நியாயமான ஆட்டமுறை. கட்டணம் கட்டிவிட்டால் கம்யூனிட்டி சென்டர் கிடங்காகிவிடும், திரும்ப வழியில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பலரை வீணாகப் பயமுறுத்துவது மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் வரும், பண்ணையை உங்களுக்கு விட்டுச்சென்ற தாத்தாவின் மதிப்பீடு. மொத்தம் 21 புள்ளி, 12 எடுத்தாலே உயர்ந்த தரத்தைக் காட்டும் நான்கு மெழுகுவர்த்தியும் எரியும். அந்த 21இல் பணத்துக்கு உரியது 7 மட்டுமே. மற்றவை நட்பு, திருமணம், திறன்கள், அருங்காட்சியகம் என்று பிரிந்து கிடக்கின்றன. புள்ளி குறைந்தாலும் தாத்தாவின் சமாதியில் ஒரு வைரத்தை வைத்து மறுமதிப்பீடு கேட்கலாம். அதனால் இரண்டு ஆண்டுக் கெடு என்பது கெடுவே அல்ல. அந்தப் பயத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, சுரங்கமும் போய், இரவு 2 மணிக்கு மயங்கி விழுபவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு பெரிய வேலை போதும். மழை நாளில் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், அன்று சுரங்கத்துக்குப் போகலாம்.

சிம்ஸ் 4

2014இல் வந்தது, 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம். இங்கே வெற்றி என்று ஒன்று கிடையாது. ஆஸ்பிரேஷன் என்ற வாழ்நாள் ஆசையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். இடையில் மாற்றிக்கொண்டாலும் அதுவரை செய்த முன்னேற்றம் அழியாது. இந்தத் தாராளம்தான் இதன் பலம், சிக்கலும் இதுவே.

முதல் தவறு மதர்லோட் என்ற சீட் (விதியை மீற உதவும் குறுக்குவழிக் கட்டளை). ஒருமுறை தட்டினால் 50,000 சிமோலியன் (கேமின் பணம்) வந்து விழும். ஆரம்ப நாட்களில் சிம்மை, அதாவது நீங்கள் இயக்கும் பாத்திரத்தை, கட்டுப்படுத்துவது பணம் மட்டுமே. அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டால் வேலை உயர்வுக்கும் பொருளில்லை, ஓவியம் விற்பதற்கும் பொருளில்லை. வீடு கட்டுவதே உங்கள் ஆட்டம் என்றால் தாராளமாகத் தட்டுங்கள், சீட் அங்கே ஒரு கருவி. கதையோ குடும்பமோ ஆட வந்தவர் தட்டினால் மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான மருந்து, கந்தலிலிருந்து கோடீஸ்வரன் ஆகும் ஆட்டம். தனிச் சிம் ஒருவருக்கு இயல்பாகக் கிடைப்பது 20,000. அவரை ஒரு காலி மனையில் குடியேற்றுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சீட் பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தில் 'மணி' என்று அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டால் கையிருப்பு துடைத்து வைத்தது போலாகிவிடும். அதன்பிறகு ஒவ்வொன்றும் இலக்குதான். குளிக்க ஓயாசிஸ் ஸ்பிரிங்ஸின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகலாம், தூங்கப் பூங்கா பெஞ்ச் உண்டு, சாப்பிடக் காட்டுச் செடிகளில் பழம் பறிக்கலாம். பிடித்த மீனையும் தோண்டிய கல்லையும் விற்றுச் சேர்த்த காசில் ஒரு மலிவுக் கட்டில் வாங்கும் நாள் வரும். அன்று அந்தக் காலி மனையில் நடுவானின் கீழே நிற்கும் கட்டிலைப் பார்க்கும் நிறைவை, சீட் தட்டிக் கட்டிய மாளிகை ஒருபோதும் தராது.

நெடுநாள் ஆட விரும்புபவருக்கு லெகசி சேலஞ்ச். சிம்ஸ் 2 காலத்திலிருந்து ரசிகர்கள் வளர்த்து வரும் முறை இது: ஒரு சிம்மில் தொடங்கிப் பத்துத் தலைமுறை, பணச் சீட் கூடாது, வயதாவதை நிறுத்தக் கூடாது. மூன்றாம் தலைமுறையில்தான் பெரும்பாலும் தொய்வு விழும். தாத்தா சேர்த்த சொத்து பேரனை உழைக்க விடாது, பணம் அங்கே மறுபடி கட்டுப்பாடாக இல்லாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு வாரிசுக்கும் புதிய தொழில், முந்தையவர் தொடாத ஒரு ஆஸ்பிரேஷன் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்துக்கொண்டால் இது சரியாகும்.

பல குடும்பங்களை மாற்றி மாற்றி ஆடுவது இன்னொரு பாணி. இங்கே அமைப்புகளில் இரண்டைக் கவனிக்காவிட்டால் கதை கெடும். வயதாவதை "நான் ஆடும் குடும்பத்துக்கு மட்டும்" என்று வையுங்கள். அக்கம்பக்கக் கதைகள் என்ற அம்சம் உங்கள் குடும்பங்களில் எவற்றுக்கெல்லாம் இயங்குகிறது என்பதைக் குடும்ப நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். அது இயங்கினால், நீங்கள் பார்க்காத நேரத்தில் உங்கள் சிம் வேலையை விட்டிருப்பார், குழந்தையைத் தத்தெடுத்திருப்பார்.

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்

2020 மார்ச்சில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது, ஒரு தீவில் குடியேறி வாழும் கேம். இதில் நேரம் நிஜ நேரம். விலை ஏறும்போது விற்பதற்கான டர்னிப் கிழங்கை ஞாயிறு நண்பகலுக்குள் வாங்க வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். ஒளிரும் குழியில் 10,000 பெல்லை (கேமின் பணம்) புதைத்தால் வளரும் மரத்தில் 30,000 காய்க்கும். அருங்காட்சியகத்துக்கு 80 மீன், 80 பூச்சி, 40 கடல் உயிரி, 73 புதைபடிவத் துண்டுகள். அவற்றில் பல குறிப்பிட்ட மாதத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால் ஓராண்டு இலக்கு தானாக அமைந்துவிடுகிறது. தொடக்கத்தில் வட, தென் அரைக்கோளத்தில் ஒன்றைக் கேட்கும், பிறகு மாற்ற முடியாது. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வடக்கு. சிட்னியில் இருப்பவர் தெற்கைத் தேர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே உள்ள பருவமும் தீவின் பருவமும் ஒத்துப்போகும்.

தினம் அரைமணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு மூன்றில் இதுவே சரி. ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் ஆடுபவருக்கு இது வெறுப்பேற்றும், ஏனெனில் கட்டடத்தை இடம் மாற்றினால்கூட மறுநாள்தான் முடியும். தீவுக்கு மூன்று நட்சத்திர மதிப்பீடு கிடைத்து, பாடகர் கே.கே. ஸ்லைடர் வந்து பாடியதும் நிலத்தை வெட்டித் திருத்தும் அனுமதி வரும். அன்றே தீவு முழுவதையும் இடிக்கத் தொடங்கி, பாதியில் கைவிட்டவர்கள் ஏராளம். ஒரு மூலையை எடுத்து, பாதை வரைந்து பார்த்து, அதை முடித்த பிறகு அடுத்ததற்குப் போவதே நல்லது.

தவறினால் திரும்ப முடியுமா?

ஸ்டார்டியூவில் தூங்கினால்தான் சேவ் ஆகும். நாள் சொதப்பினால் தூங்காமல் வெளியேறி, அதே நாளைக் காலையிலிருந்து ஆடலாம். சிம்ஸ் 4இல் நீங்களே சேவ் செய்ய வேண்டும். பெரிய முடிவுக்கு முன் தனி ஸ்லாட்டில் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அனிமல் கிராசிங் தானே சேவ் செய்துகொள்ளும், பின்னோக்கிப் போக வழியில்லை. அதோடு ஒரு ஸ்விட்சுக்கு ஒரே தீவுதான், முதலில் ஆடத் தொடங்குபவரே தீவின் பிரதிநிதி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டாமவர் கதையை முன்னெடுக்க முடியாது. இதைத் தெரியாமல் வாங்கி, வீட்டில் சண்டை மூள விடாதீர்கள்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லையா? இலவசமாகக் கிடைக்கும் சிம்ஸ் 4இல் ஒரு சிம், காலி மனை, கையிருப்பு 0 என்று ஏழு சிம் நாள் ஆடிப் பாருங்கள். இயல்பு வேகத்தில் ஒரு சிம் நாளுக்கு 24 நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏழாம் நாள் இரவு, கூரை போடலாமா, அடுப்பு வாங்கலாமா என்று மனம் தானாகவே கணக்குப் போட்டால் அங்கேயே இருங்கள். கேம் ஏதாவது சொல்லட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு வேண்டியது ஸ்டார்டியூவின் பண்டில் பட்டியல்.