கிளிப் ஒட்டும் அந்த ஒரு நாளில் கவனமாக இருங்கள்: புதுச்சேரியில் எங்களுக்கு நேர்ந்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நாங்கள், பதினான்கு வயது மகளின் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால், சென்ற ஆண்டு சித்திரையில் புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனையில் கிளிப் போட்டோம். ₹38,000 என்று பேசி, பாதியை அன்றே கட்டினோம். பெயர்ப்பலகையில் பல் சீரமைப்பில் முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். முடித்தவரின் பெயர் இருந்தது. ஒட்டியவர் அவர் அல்லர் என்பது பல மாதம் கழித்தே தெரிந்தது.

இருபது பற்களுக்கும் அரை மணி நேரத்தில் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லின்மேல் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டி முடித்துவிட்டார்கள். அமிலம் தடவிக் கழுவி உலர்த்திய பல், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக வெளுத்துத் தெரிந்த பிறகே ஒட்ட வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அருகிலேயே அமர்ந்திருந்த எனக்கு அது அப்போது தெரியாததால், எச்சிலைப் பஞ்சால் ஒற்றிவிட்டு ஒட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகைக்குள் நான்கு பிராக்கெட்டுகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் "முறுக்கு தின்றாயா?" என்று குழந்தையைக் கடிந்துகொண்டு ₹400 வாங்கினார்கள். தீபாவளிக்குக்கூட அவள் முறுக்கைத் தொடவில்லை.

மெல்லிய கம்பி இருந்தவரை பற்கள் வரிசைக்கு வருவதுபோல்தான் இருந்தது. தடித்த செவ்வகக் கம்பி மாட்டிய பிறகு, மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு இருபுறமும் உள்ள இரண்டு பற்களின் கடிக்கும் முனைகள் கோரைப்பற்களை நோக்கிச் சாயத் தொடங்கின. கேட்டபோதெல்லாம் "பொறுமையாக இருங்கள்" என்பதே பதிலாக இருந்தது.

பொறுக்க முடியாமல் சிதம்பரத்தில் வேறொரு நிபுணரிடம் காட்டினோம். அவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, அந்த இரு பற்களின் பிராக்கெட்டுகளிலும் கடுகைவிடச் சிறிதாக இருந்த வண்ணப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலான தயாரிப்புகளில் அந்தப் புள்ளி ஈறுப் பக்கத்தில், முகத்தின் நடுக்கோட்டுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். என் மகளுக்கு இரண்டு பற்களிலும் அது நடுக்கோட்டைப் பார்த்திருந்தது. வலப்பக்கத்தது இடப்பக்கத்திலும் இடப்பக்கத்தது வலப்பக்கத்திலும் மாறி ஒட்டப்பட்டிருந்தன.

லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களில் கொண்டுவந்த முறையில், ஒவ்வொரு பல்லும் சாய வேண்டிய அளவு அதன் பிராக்கெட்டிலேயே வார்க்கப்பட்டிருப்பதால், கம்பியைப் பல்லுக்குப் பல் வளைக்கத் தேவையில்லை. ஆனால் பிராக்கெட் தவறினால் கம்பி அந்தத் தவறை அப்படியே பல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பரவலாகப் பயன்படும் ஓர் அளவுமுறையில் நடுப்பல்லை அடுத்த இந்தப் பல்லுக்கு 8 டிகிரி சாய்வு என்றால், மாற்றி ஒட்டும்போது வித்தியாசம் 16 டிகிரி ஆகிறது. கம்பி உட்காரும் பள்ளமே 0.022 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இவ்வளவு நுட்பமான பொருளைக் கண்ணளவில் ஒட்டியிருக்கிறார்கள்.

புதிய மருத்துவர் பல்லின் முனையிலிருந்து உயரத்தை அளவுகோலால் அளந்து, ஒவ்வொரு பல்லுக்கும் நேர் எதிரே வந்து பார்த்து, பின்பற்களைக் கண்ணாடி வைத்து மேலிருந்து சரிபார்த்து ஒட்டினார். ஆறு பிராக்கெட்டுகளுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. பற்களை அச்செடுத்துச் செய்த மாதிரியில் முதலில் ஒட்டிப் பார்த்து, பிறகு சிலிக்கான் உறையால் வாய்க்குள் மாற்றும் முறையும் உண்டு. ஆகவே ஒட்டும் நாளன்றே, யார் ஒட்டுகிறார், எதைக் கொண்டு அளக்கிறார், வேர்களின் சாய்வைப் பார்க்க இடையில் முழுத்தாடை எக்ஸ்ரே எடுப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிராக்கெட்டை நடுவழியில் எடுத்து மாற்றி ஒட்டுவது நல்ல மருத்துவர்களிடமும் நடப்பதுதான். அதற்காக நான் குறை சொல்லவில்லை. வலம் இடம் மாறியதை மாதக்கணக்கில் கவனிக்காமல், பழியைக் குழந்தைமீது போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கூறிவிட்டார்கள். எங்களிடம் பணம் வாங்கி எடுத்த எக்ஸ்ரேயையும் தரவில்லை. அதைக் கேட்டு எழுத்துமூலமாகக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கி வைத்திருக்கிறேன். மகளுக்குச் சிகிச்சை இன்னும் எட்டு மாதம் நீளும் என்று சிதம்பரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.