லோங் ஆர்ம் மெசினில் வரம்பு கட்டுதல்: ஐந்து வருடம் தைத்த அனுபவம்

லோங் ஆர்ம் என்பது குயில்ட், அதாவது மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வை, தைக்கும் பெரிய மெசின். டிசைன் எந்த இடத்துக்குள் விழவேண்டும் என்று அதன் கணினிக்குப் புள்ளி வைத்துக் காட்டுவதற்கு எங்கள் பட்டறையில் ‘வரம்பு கட்டுறது’ என்றுதான் பெயர். மென்பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல் இருக்கிறது. முதல் முதலாக வேலைக்கு வந்த பிள்ளை பரந்தன் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெண். திரையில் நான்கு புள்ளி வைத்ததும் கோடு விழுந்து கட்டம் மூடியதைப் பார்த்து, “அக்கா, வரம்பு கட்டினமாதிரி எல்லோ இருக்கு” என்றாள். அதன்பிறகு யாரும் வேறு பெயர் சொல்லவில்லை.

மெசின் 2020 தொடக்கத்தில் கிளிநொச்சிக்கு வந்தது. கனடாவில் இருக்கும் என் சின்னம்மா பத்து வருடம் பாவித்துவிட்டு, முழங்கால் ஏலாமல் போனதும் கப்பலில் போட்டு அனுப்பினார். பன்னிரண்டு அடிப் பிரேம், 22 அங்குலக் கை (ஊசிக்கும் மெசினின் பின்பக்க உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி), கூடவே மோட்டாரும் அதை ஓட்டும் மென்பொருளும். அங்கே 120 வோல்ட், இங்கே 230, ஆகவே ஒரு ட்ரான்ஸ்போமரும் வாங்க வேண்டியிருந்தது. என்ன கம்பனி என்று எழுதவில்லை. நான் குறை சொல்லப்போகும் பாதி விஷயத்தில் பிழை என்னுடையது.

தெரியாதவர்களுக்காக: வீட்டுத் தையல் மெசினில் துணி நகரும், ஊசி நின்ற இடத்தில் நிற்கும். இதில் நேர்மாறு. அடித்துணி, நடுவில் பஞ்சு ஷீட், மேலே ஒட்டுத் துண்டுகளால் ஆன துணி என மூன்றும் ரோலர்களில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். மெசின்தான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடித் தைக்கும். கணினிக்குக் கண் இல்லை. மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மெசினைக் கையால் தள்ளிக்கொண்டு போய், ஊசியை மூலைக்கு நேரே நிறுத்தி, பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி ஒவ்வொரு மூலையாக.

எங்களுக்கு இரண்டு வகை வேலை வரும். ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டில் செய்கிற மலிவான போர்வைக்கு ஒரே டிசைனை ஓரம்முதல் ஓரம்வரை ஓடவிட்டால் போதும், வரம்பு கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. மற்றது சேலைக் குயில்ட். வெளிநாட்டில் இருப்பவர்கள் அம்மாவின், அம்மம்மாவின் பழைய சேலைகளை அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு டிசைன், நடுவில் பெயர், ஓரத்தில் சரிகைக் கரை. இங்கேதான் வரம்பு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

முதல் வருடம் முழுக்க நான் செய்தது இரண்டு புள்ளி வரம்பு. மேல் இடது மூலை, கீழ் வலது மூலை, முடிந்தது கதை. இப்படி வைத்தால் மென்பொருள் எப்போதும் நேர்ச்சதுரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். துணி அப்படி நேராக இருக்காது. 12 அங்குலக் கட்டம் ஒரே ஒரு பாகை சரிந்திருந்தால் அந்தப் பக்கம் முடிகிற இடத்தில் 5 மி.மீ. விலகிவிடும். கண்ணால் பார்த்தால் ஒரு பாகைச் சரிவு தெரியவே தெரியாது. தைத்த பிறகு டிசைன் ஒரு பக்கம் மூட்டைத் தாண்டி, மறுபக்கம் இடைவெளி விட்டு நிற்கும்போது நன்றாகத் தெரியும். ஒட்டுச் சேலையில் நேர்ச்சதுரக் கட்டம் என்பது கிடையாது. நூல்சேலை ஒருபக்கம் இழுபடும், பட்டு வழுக்கும்.

பிறகு நான்கு புள்ளிக்கு மாறினேன். நான்கு மூலையும் தனித்தனியாக வைத்தால் டிசைனையும் அந்தக் கோணலுக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கும் வசதி இதில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. வலஞ்சுழியாகப் போகாமல் குறுக்கே ஒரு மூலையை அழுத்தினால் கோடுகள் நடுவில் வெட்டிக்கொண்டு உடுக்கை மாதிரி ஒரு வடிவம் வரும். திரையில் அதைப் பார்க்காமல் தொடக்கிவிட்டால் உடுக்கைக்குள் பூப்போடும். எங்களிடம் ஒரு தலையணை உறை அப்படி இருக்கிறது. விற்கவில்லை, நாங்களே பாவிக்கிறோம்.

வட்டத்துக்கு எத்தனை புள்ளி வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். மென்பொருள் இரண்டு புள்ளிக்கு நடுவில் நேர்கோடுதான் போடுகிறது என்றால் கணக்கு எளிது. 12 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் 12 புள்ளி வைத்தால், புள்ளிகளுக்கு நடுவில் கோடு 5 மி.மீ. அளவு உள்ளே போய்விடும். 24 வைத்தால் அது ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். வட்டத்துக்கு உள்ளே தைப்பதானால் 12 வைத்தாலும் பெரிய பாதகம் இல்லை, ஓரம் கொஞ்சம் தட்டையாகத் தெரியும். வட்டத்தை விட்டுவிட்டு வெளியே தைப்பதானால் நிலைமை வேறு. கோடு உள்ளே போன அந்த 5 மி.மீ.க்குள் தையலும் புகுந்துவிடும். அதனால் வெளியே தைக்கும்போது மட்டும் நான் 24க்குக் குறைப்பதில்லை.

எனக்கு மிகவும் பிந்தி விளங்கியது என்னவென்றால், வரம்பை முன்கூட்டியே கட்டி வைக்கக்கூடாது. தொடக்கத்தில் குயில்ட்டை ஏற்றியதும் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் புள்ளி வைத்துவிடுவேன். நேரம் மிச்சம் என்று நினைப்பு. தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுபடும். மூன்று அடுக்கை நூல் சேர்த்துக் கட்டும்போது சுருங்காமல் என்ன செய்யும்? டிசைன் நெருக்கமாக இருந்தால் ஆறு அடி அகலத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் போனதை அளந்து பார்த்திருக்கிறேன். முதல் கட்டம் அச்சாக இருக்கும், நான்காவது கட்டம் பக்கத்து மூட்டில் ஏறி நிற்கும். பக்கக் கவ்விகளை இறுக்கி இழுத்து வைத்துப் புள்ளி எடுத்துவிட்டுப் பிறகு தளர்த்தினாலும் இதே கதிதான். இப்போது ஒரு கட்டம் தைத்து முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் புள்ளி. காலபோகத்துக்குக் கட்டின வரம்பைச் சிறுபோகத்துக்கு யாரும் அப்படியே நம்புவதில்லை, மண்வெட்டியோடு போய்த் திரும்ப வெட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

வரம்பை மூட்டின் மேலேயே வைப்பதையும் விட்டுவிட்டேன். மூட்டில் துணி தடித்திருக்கும், மெசினின் பாதம் ஏறி இறங்கும்போது ஊசி கொஞ்சம் பிசகும். புள்ளியை மூட்டில் வைத்துவிட்டு, வரம்பை 3 மி.மீ. உள்ளே சுருக்கச் சொல்வேன். அது ஒரே பொத்தான். லேசர் வெளிச்சம் காட்டும் இடத்தையும் முழுக்க நம்பவேண்டாம். லேசர் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிறதே தவிர ஊசி அல்ல, கொஞ்சம் சரிந்திருந்தாலும் துணியில் வேறு இடத்தைக் காட்டும். முக்கியமான மூலையென்றால் சில்லைக் கையால் சுற்றி ஊசியைத் துணி தொடும்வரை இறக்கிப் பார்ப்போம்.

இனி என் பெரிய பிழை. பெயர் எழுதிய கட்டம் வந்தால், எழுத்தைச் சுற்றி ஒரு வரம்பு கட்டி, அதற்குள் தைக்காதே என்று சொல்ல வேண்டும். இந்த இடத்துக்கு எங்கள் பட்டறையில் ‘மிதிவெடிப் பகுதி’ என்று பெயர் விழுந்துவிட்டது. மண்டையோட்டுப் பலகையும் நாடாவும் கட்டிய காணிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறு என்ன பெயர் வைப்பார்கள்? டிசைன் கோடுகளை வரம்பில் வெட்டி நீக்க மென்பொருளில் உள்ளே வெட்டு, வெளியே வெட்டு என்று இரண்டு படக்குறி அருகருகே. எதை அழுத்தினால் எது மிஞ்சும் என்பதைப் படம் தெளிவாகக் காட்டாது. 2021 இல் ஒரு சேலைக் குயில்ட்டில் நான் மாற்றி அழுத்திவிட்டேன். சுற்றிவரத் தைக்காமல், இறந்துபோன ஒரு அம்மாவின் பெயருக்கு மேலே இலையும் கொடியுமாகத் தைத்துக்கொண்டு போனது. நான் நூல் மாற்றத் திரும்பியிருந்தேன். அதைப் பிரித்தெடுக்க இரண்டு நாள் போனது. ஊசித்துளைகள் இருந்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். மகளுக்கு உண்மையைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வெட்டு எங்கே இருந்தாலும், நூல் போடாமல் ஊசியை மேலே வைத்து ஒருதரம் ஓடவிடுவது எங்கள் சட்டம். இரண்டு நிமிடம் செலவாகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: டிசைனை வரம்பில் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் மெசின் நின்று, முடிச்சுப் போட்டு, தாவி, திரும்பத் தொடங்கும். ஒரு பெயரைச் சுற்றி முப்பது நாற்பது முடிச்சு வந்திருக்கிறது. வெட்டாமல் வரம்பு ஓரமாகவே ஊர்ந்துபோய் அடுத்த கோட்டைப் பிடிக்கும் தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். பின்பக்கம் எவ்வளவோ துப்புரவாக இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன. கரண்ட் போனால் மெசின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். புள்ளிகள் கோப்பில் இருக்கும், ஆனால் அவை எந்த இடத்திலிருந்து எண்ணியவை என்பது போய்விடும். யூ.பி.எஸ். வாங்கினோம், அது கால் மணித்தியாலம் தாங்கும். அதைவிடப் பயன்பட்டது, தைக்கத் தொடங்குமுன் துணியில் கழுவினால் போகும் நீலப் பேனையால் ஒரு சிலுவைக் குறி போட்டு, அதையும் ஒரு புள்ளியாகப் பதிந்து வைப்பது. கரண்ட் வந்ததும் ஊசியை அந்தச் சிலுவையில் வைத்து, ‘இதுதான் அந்தப் புள்ளி’ என்று சொன்னால் மற்ற எல்லாம் கூடவே நகர்ந்து இடத்துக்கு வரும். அந்தக் குறியின் மேல் அயன் போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் மை துணியிலேயே நின்றுவிடும்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசத் தொடங்கினால் வேறு தொல்லை. தண்டவாளத்தில் செம்மண் தூசி படியும், சில்லு வழுக்கும், வழுக்கியது மோட்டாருக்குத் தெரியாது. புள்ளி சரி, தையல் 2 மி.மீ. தள்ளி. ஒருமாதம் மென்பொருளைத் திட்டினேன். காலையும் மத்தியானமும் தண்டவாளத்தைத் துடைக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டது.

கையின் இடைவெளி பற்றி ஒரு வார்த்தை. 22 அங்குலம் என்றால் 22 அங்குலமும் தைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தைத்த பகுதி ரோலரில் சுற்றச் சுற்ற அது கைக்குள் வந்து இடத்தை அடைக்கும். எங்களுக்குத் தொடக்கத்தில் 17, கடைசி வரிசையில் 14 அங்குலம்தான் கிடைக்கிறது. அதற்கு மேல் வரம்பு கட்டினாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், ரோலரில் மெசின் முட்டிய பிறகுதான் தெரியும். அதனால் 14க்கு மேல் கட்டமே வெட்டுவதில்லை.

கையால் ரூலர் வைத்துத் தைத்தால் இதெல்லாம் வேண்டாமே என்று சின்னம்மாவே கேட்பார். ஒன்றிரண்டு செய்பவருக்கு அவர் சொல்வது சரி. மாதம் எட்டுப் பத்து என்றால், ஒரே டிசைன் கடைசிக் கட்டம்வரை ஒரே மாதிரி விழுவதற்காகவே நான் இதை வைத்திருப்பேன். வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் பூ டிசைன் தைத்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது எல்லா மெசினும் செய்யும். வீட்டிலிருந்து ஒரு கோணல் கட்டத்தைத் தைத்துக் கொண்டுபோய், அதில் நான்கு புள்ளி வைத்துப் பாதி தைக்கச் சொல்லுங்கள். பாதியில் சுவிட்சை நிறுத்திப் போட்டு, மிச்சத்தையும் தைக்கச் சொல்லுங்கள்.