ஆசிக் ஆண்டு லெவி: கட்டுகிறவரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியாவில் நிதி ஆலோசனை வழங்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் கணக்குகளையும் உரிமம் தொடர்பான கடமைகளையும் கவனிப்பது என் வேலை. அந்நாட்டு நிறுவனங்களையும் நிதிச் சேவைகளையும் மேற்பார்க்கும் ஆணையமான ஆசிக்குக்கு ஆண்டுதோறும் நாங்கள் செலுத்தும் லெவி, அதாவது அதன் மேற்பார்வைச் செலவுக்கான கட்டாயக் கட்டணம், என் கை வழியாகத்தான் போகிறது. பணம் கட்டுவதும் ஒரு சேவையைப் பெறுவதுதான் என்று கொண்டு, அது எப்படி நடக்கிறது, எவ்வளவு நியாயமாக நடக்கிறது என்பதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆணையத்தின் மேற்பார்வைச் செலவைப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து எடுக்காமல், மேற்பார்வைக்கு உட்படும் தொழில்களே ஏற்க வேண்டும் என்று டேவிட் மரே தலைமையிலான நிதி அமைப்பு விசாரணை 2014-இல் பரிந்துரைத்தது. 2017 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழில்கள் பல துணைப்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஆணையம் செலவிட்ட தொகை அந்தப் பிரிவில் உள்ளவர்களிடையே பங்கிடப்படுகிறது. சில பிரிவுகளில் எல்லோருக்கும் ஒரே தொகை. மற்றவற்றில் தொழிலின் அளவுக்கேற்ற தொகை. சிறிய தனியார் நிறுவனங்கள் இதற்காக எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. ஆண்டு மறுஆய்வுக் கட்டணத்தோடு 4 டாலர் சேர்ந்து போய்விடும். எங்களைப் போன்ற உரிமதாரர்களுக்குத்தான் உண்மையான கணக்கு இருக்கிறது.

கட்டும் வழியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஜூன் 30-இல் நிதியாண்டு முடிந்ததும், ஆணையத்தின் இணைய போர்ட்டலில் அந்த ஆண்டின் தொழில் விவரங்களைச் சரிபார்த்துச் சமர்ப்பிக்க வேண்டும். செலவுக் கணக்கு முடிந்து இறுதித் தொகைகள் வெளியான பிறகு, அடுத்த நாட்காட்டி ஆண்டின் தொடக்க மாதங்களில் இன்வாய்ஸ் வருகிறது. பீபே என்ற ஆஸ்திரேலிய வங்கிவழிக் கட்டண முறை மூலம் கட்டினால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு செலவானது, அது எந்த வகைப் பணிகளுக்குப் போனது என்பதை விளக்கும் செலவு மீட்பு அறிக்கையையும் ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதை நான் வரி விடாமல் படிக்கிறேன். இன்வாய்ஸின் கடைசி வரியில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று முதலாளியிடம் விளக்க அதைவிட நல்ல துணை இல்லை.

புதியவர்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டிய இடம் தலைக்கணக்கு. தனிநபர்களுக்கு அவரவர் நிலைமைக்கேற்ற ஆலோசனை வழங்கும் உரிமதாரர், அடிப்படைத் தொகையாக 1,500 டாலரும், அதற்கு மேல் ஆலோசகர் ஒருவருக்கு இவ்வளவு என்றும் செலுத்த வேண்டும். அந்த ஆலோசகர் எண்ணிக்கை, நிதியாண்டின் கடைசி நாளன்று ஆலோசகர் பதிவேட்டில் உள்ளபடி எடுக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் உழைத்தவரா, ஒரு வாரம் முன்பு வந்து சேர்ந்தவரா என்று அது பார்ப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் நான்கு ஆலோசகர்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் 2023 ஜூன் 26-ஆம் தேதி ஓய்வு பெற்றார். விலகலைத் தெரிவிக்கச் சட்டம் 30 வேலை நாட்கள் தருகிறது என்றாலும், அன்று மாலையே அவருடைய கடைசி நாளைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகு பக்கத்தை மீண்டும் திறந்து, அவர் பெயருக்கு எதிரே முடிவுத் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அந்த ஆண்டுக்கு ஓர் ஆலோசகருக்கான தொகை 2,818 டாலராக அமைந்தது. மூன்று பேருக்கு நாங்கள் கட்டியது 9,954 டாலர். அவர் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயிருந்தால் 12,772 டாலர் கட்டியிருப்போம்.

தொகையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. ஓர் ஆலோசகருக்கு 2017-18-இல் 934 டாலராக இருந்தது 2018-19-இல் 1,142 ஆயிற்று. 2019-20-இல் ஒரே தாவலில் 2,426-ஐத் தொட்டது. தொழில்துறையின் முறையீடுகளுக்குப் பிறகு 2021 ஆகஸ்டில் அரசு தலையிட்டு, 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் தொகையை 1,142 டாலரிலேயே நிறுத்திவைத்தது. நிறுத்தம் விலகியதும் 2,818. இதற்குக் காரணம் தேடிப் போனால் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. நிதித் துறை முறைகேடுகளை விசாரித்த ஹெய்ன் அரச ஆணையம் 2019 பிப்ரவரியில் இறுதி அறிக்கையை அளித்த காலத்தை ஒட்டி, தவறு செய்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும் பணி வேகமெடுத்தது; அந்த வழக்குச் செலவு ஆலோசனைப் பிரிவின் கணக்கில் ஏறியது. அதே காலத்தில், சுமார் 28,000 பேர் இருந்த பதிவேடு 16,000-க்கும் கீழே சுருங்கியது. செலவு கூட, சுமப்பவர்கள் குறைய, எஞ்சியவர்களின் தலையில் பாரம் ஏறியது. வழக்குகளில் நீதிமன்றம் விதிக்கும் அபராதம் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது, அந்த வழக்கை நடத்திய செலவோ ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களின் இன்வாய்ஸில் வருகிறது என்பதை நினைக்கும்போது, முறையின் நோக்கத்தை முழு மனத்தோடு ஏற்கும் எனக்கே நெஞ்சு ஒப்பவில்லை. அபராதத்தில் ஒரு பங்கையாவது லெவியில் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இறுதித் தொகைக்கு முன் ஆணையம் வெளியிடும் மதிப்பீட்டுத் தொகையின் காலமும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆலோசகருக்கு 2022-23-க்கான மதிப்பீடு 3,217 டாலர். இறுதியில் வந்தது அதைவிடக் குறைவு என்பது நல்லதே. ஆனால் அந்த மதிப்பீடு நிதியாண்டு முடியும் தறுவாயில்தான் வெளிவந்தது. வாடிக்கையாளர்களிடம் அந்த ஆண்டுக்கான கட்டணத்தைப் பேசி முடித்த பிறகு கிடைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு சிறிய நிறுவனம் ஒன்றும் செய்ய முடியாது. ஆண்டின் நடுவிலேயே, பிழைக்கு இடம் வைத்தாவது, ஒரு முதல் மதிப்பீடு வந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். அதுவரை நான் ஆலோசகர் ஒருவருக்கு 3,000 டாலர் என்று மாதாமாதம் தனியே ஒதுக்கி வருகிறேன்.

தாமதித்தால் ஆண்டுக்கு 20 சதவீத வீதத்தில், மாதக் கணக்கில் அபராதம் ஏறும். எங்கள் 9,954 டாலருக்கு அது மாதம் ஏறக்குறைய 166 டாலர். பன்னிரண்டு மாதம் கடந்தும் கட்டாவிட்டால் உரிமமே ரத்தாகக்கூடும். இன்வாய்ஸ் வந்திருப்பதை மின்னஞ்சல்தான் தெரிவிக்கிறது. ஓய்வு பெற்ற அந்த மூத்தவரின் முகவரியைப் போர்ட்டலில் மாற்ற நாங்கள் மறந்திருந்ததால் எங்கள் அறிவிப்பு அவருடைய பழைய பெட்டிக்குப் போய்விட்டது. வேறொரு கடிதம் தேடப்போன இடத்தில், கெடுவுக்கு ஐந்து நாட்களே இருக்கும்போது அது என் கண்ணில் பட்டது. பிழை முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து போர்ட்டலில் இரண்டு பேரின் முகவரி இருக்கிறது. பிறக்கும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நானே உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

நிதி நிறுவனங்கள் தர வேண்டிய இழப்பீடு கிடைக்காமல் போனவர்களுக்கு உதவ 2024 ஏப்ரலில் தொடங்கிய, கடைசிப் புகலிட இழப்பீட்டுத் திட்டத்துக்கான லெவியும் ஆசிக்கிடமிருந்தே வருகிறது. அது தனிக் கணக்கு. ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றையும் கட்டியதாக எண்ணிவிடக் கூடாது.

தொழிலை விடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லெவி எப்போதும் கடந்த ஆண்டின் செலவுக்கானது என்பதால், உரிமத்தை ஒப்படைத்த பிறகும் ஓர் இன்வாய்ஸ் வந்து சேரும். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பு அதற்கான பணத்தை எடுத்து வைத்துவிட்டு மூடுங்கள்.