விக்டோரியா அருவி: எந்த மாதம், எந்தக் கரை?

தண்ணீர் நிறைய விழும்போது போனால்தான் அருவியை நன்றாகப் பார்க்கலாம் என்ற கணக்கு, ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே-ஜாம்பியா எல்லையிலுள்ள விக்டோரியாவில் செல்லாது. ஏப்ரலில் ஜாம்பேசி ஆறு கரைபுரளும்போது ஜிம்பாப்வே கரையில் அருவிக்கு நேர் எதிரே நின்றாலும், பல இடங்களில் தெரிவது வெறும் வெண்புகைதான். காதை அடைக்கும் இரைச்சல், கீழிருந்து மேலே பெய்யும் சாரல், அவ்வளவே. 1,708 மீட்டர் அகல ஆறு, 100 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஒடுக்கமான பசால்ட் பாறைப் பிளவுக்குள் விழுகிறது. தூளான தண்ணீருக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. பிளவின் எதிர் விளிம்பில்தான் நாம் நடக்கும் பாதை. ‘முழங்கும் புகை’ என்ற பொருளில் ‘மோசி-ஓவா-துன்யா’ என்று உள்ளூரில் பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அங்கே மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வெள்ளம் உச்சத்துக்கு வருவதோ மழை ஓய்ந்த பிறகு. அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் பெய்யும் மழை, வழியில் பரோட்சே சமவெளியில் பரந்து தேங்கி, மெதுவாகத்தான் வந்து சேருகிறது. அதனால் மழை விட்டதும் அருவி தெளிந்திருக்கும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போனால் தண்ணீரும் இருக்கும், பாறையும் தெரியும்.

அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் மொட்டைப் பாறைதான். அந்தக் கிழக்கு ஓரத்துப் பாறை உயரமானது. மின்நிலையத்துக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் பிரிகிறது. அந்த மாதத்தில் ஜாம்பியா பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்கள், மாதத்துக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை அருவிக்குப் போடுகிறார்கள்.

அருவியின் முக்கால்வாசி ஜிம்பாப்வே கரையிலிருந்துதான் நேராகத் தெரியும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் சுமார் 50 டாலர், ஜாம்பியாவைவிடக் கூடுதல். ஒரே கரைதான் என்றால் இதற்கே கொடுக்கலாம். பாதை மேற்கே டெவில்ஸ் கேட்டரக்ட் என்ற அருவிப் பகுதியில் தொடங்கி, கிழக்கே டேஞ்சர் பாயின்ட் வரை போகிறது. வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் விழும். ஆகவே காலையில் முதலில் டேஞ்சர் பாயின்டுக்கு நடந்து, முதுகில் வெயில்பட மேற்கே பாருங்கள். மாலையில் டெவில்ஸ் கேட்டரக்டில் நின்று கிழக்கே பாருங்கள். பலர் நுழைந்ததும் முதல் இடத்திலேயே மெமரி கார்டை நிரப்பிவிடுகிறார்கள். டேஞ்சர் பாயின்டில் கம்பித் தடுப்பு கிடையாது, பாறை வழுக்கும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு போதும். ஹவாய் செருப்பு வேண்டாம்.

வாசலில் வாடகைக்குத் தரும் ரெயின்கோட் ஜூலையில் உதவும். ஏப்ரலில் கழுத்து வழியாகவும் கை வழியாகவும் தண்ணீர் இறங்கி, கோட்டுக்குள்ளேயே தொப்பலாக நனைந்துவிடுவீர்கள். மாற்றுச் சட்டை கொண்டுபோவது மேல். லென்ஸ் துடைக்க இரண்டு பருத்தித் துணிகளை ஜிப் கவருக்குள் மூடி வையுங்கள். சட்டை நுனியால் துடைக்கலாம் என்றால் அதற்குள் சட்டையும் ஈரமாகியிருக்கும்.

ஜாம்பியா கரையின் பலம் நெருக்கம். நைஃப் எட்ஜ் நடைபாலத்தில் வெள்ளக் காலத்தில் நடப்பது அருவிக்குள்ளேயே நடப்பது மாதிரி. அருவிக்குக் கீழே பாய்லிங் பாட் என்ற நீர்ச்சுழிக்கு இறங்கும் செங்குத்துப் பாதை இறங்கும்போது எளிதாகத் தெரியும்; ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அங்கே போக முடியாது. பபூன் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு, உள்ளே கேமரா இருந்தாலும். அருவியின் விளிம்பிலேயே இருக்கும் டெவில்ஸ் பூலில் குளிக்க, லிவிங்ஸ்டன் தீவு வழியாக வழிகாட்டியோடுதான் போக முடியும். அதுவும் ஏறத்தாழ ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, தண்ணீர் குறைந்த நாட்களில் மட்டும். வறண்ட அக்டோபருக்கு இருக்கும் ஒரே நியாயம் இதுதான்.

இரண்டு கரையும் பார்க்க, 1905-இல் கட்டிய பாலத்தை நடந்தே கடக்கலாம். உங்கள் நாட்டவருக்குக் கிடைக்குமென்றால் 50 டாலர் ‘காசா’ (KAZA) யூனிவிசா எடுங்கள். 30 நாளுக்கு இரண்டு நாடும் அதில் அடங்கும். ஒருமுறை மட்டும் நுழைய விடும் விசாவோடு பாலம் தாண்டினால் திரும்பி வர மறுபடி காசு. டாலரைச் சிறு நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்: சில்லறை கிடைப்பது பெரும்பாடு, கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள். தெருவில் நீட்டப்படும் டிரில்லியன் டாலர் ஜிம்பாப்வே நோட்டு வெறும் நினைவுப்பொருள்.

ஏப்ரலில்தான் போக முடியும் என்றால் ஹெலிகாப்டருக்குப் பணம் ஒதுக்குங்கள்; புகைக்கு மேலே போனால்தான் அருவியின் முழு நீளம் தெரியும். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பூங்காவைத் திறக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் எழும் வானவில் வெறும் கண்ணுக்குச் சாம்பல் வெண்மையாகத்தான் படும். டிரைபாடில் கேமராவை வைத்து நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் அதே வில்லில் நிறங்கள் எழும்பி வரும்.