கொழும்புக்கு மாறிவரும் குடும்பத்துக்குக் கத்தோலிக்கப் பாடசாலை: அரசா, தனியாரா, சர்வதேசமா?

மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளைகளோடு கொழும்புக்கு வரும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு பாடசாலையின் பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்குகின்றன. அப்பா படித்த கல்லூரி, சித்தப்பாவின் மகன் படிக்கும் கல்லூரி என்று. அப்படித் தேடுவதில் மாதக்கணக்கு வீணாகிறது. முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: பிள்ளை எந்த மொழிமூலத்தில் படிக்கப்போகிறது, கடைசியில் எந்தப் பரீட்சையை எழுதப்போகிறது. இவை இரண்டும் தெளிவானால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயரில் 'புனித' என்றோ 'சென்' என்றோ இருந்தால் அது கத்தோலிக்கப் பாடசாலை என்று நினைத்துவிடாதீர்கள். கல்கிசை புனித தோமஸ் கல்லூரி அங்கிலிக்கன் திருச்சபையுடையது. மிலாகிரிய புனித பவுல் மகளிர் பாடசாலை அங்கிலிக்கன்களால் தொடங்கப்பட்டு இன்று அரசிடம் இருக்கிறது. புனிதர் பெயர் தாங்கிய சர்வதேசப் பாடசாலைகள் சில, திருச்சபையோடு தொடர்பே இல்லாத தனியார் கம்பனிகள். நிர்வாகம் மறைமாவட்டத்திடமா, துறவற சபையிடமா, வேறு யாரிடமா என்று அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள்.

அரசு பொறுப்பேற்ற பாடசாலைகள்

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தபின், உதவி பெற்றுவந்த கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பெயரும் சிற்றாலயமும் திருநாளும் இருக்கும், அதிபரை நியமிப்பது அரசு. மாதக் கட்டணம் இல்லை. வசதிக் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணமும் மட்டுமே.

புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே தரம் 1 மிகக் கடினம். கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி நீண்டகாலமாக இடங்களில் 50 சதவீதம் அயலில் வசிப்போருக்கும், 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 ஏற்கெனவே படிக்கும் சகோதரர் உள்ளவர்களுக்கும் ஒதுக்கப்பட்டு வந்தன. அயல் வசிப்புப் பிரிவில் முழுப் புள்ளி எடுக்க, கடந்த ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். போன மாதம் வாடகைக்கு வந்தவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? போதாததற்கு, உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசுப் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும்.

கத்தோலிக்கருக்குச் சாதகமான ஒரு விதியும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அரசு பொறுப்பேற்ற பாடசாலையில், பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ, அந்த விகிதத்தில் இடங்கள் பிரிக்கப்படும். போட்டி கத்தோலிக்கருக்குள்ளேயே நடக்கும். விண்ணப்பத்தோடு திருமுழுக்குச் சான்றிதழை இணைக்காமல் விட்டுவிட்டு, இந்த வாய்ப்பையே இழக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

அரச சேவை இடமாற்றத்தில் வருகிறவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. முன்னதற்கு 4 சதவீதம், பின்னதற்கு 1 சதவீதம் என்று ஒதுக்கப்பட்டு வந்தது. இடங்கள் சொற்பம் என்றாலும், தகுதி இருந்தால் அந்தப் பிரிவிலும் தனியாக விண்ணப்பியுங்கள். பிள்ளைக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மேன்முறையீடு என்று வந்தால் அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

கத்தோலிக்கத் தனியார் பாடசாலைகள்

அன்று அரசிடம் போகாமல் நின்றவை இவை. கொட்டாஞ்சேனையில் தெ லா சால் அருட்சகோதரர்களின் புனித பெனடிக்ற் கல்லூரி (1865), நல்லாயன் கன்னியர் மடம் (1869), மருதானைப் பக்கம் புனித சூசையப்பர் கல்லூரி (1896), பம்பலப்பிட்டியில் புனித பேதுரு கல்லூரி (1922), திருக்குடும்பக் கன்னியர் மடம், கொழும்பு 7இல் புனித பிரிஜெற் கன்னியர் மடம். இந்த வகைக்குள்ளும் இரண்டு உண்டு: முழுக் கட்டணம் அறவிடுபவை, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் உதவி பெறும் பாடசாலைகள். செலவு வித்தியாசம் பெரிது என்பதால் எது எந்த வகை என்று முதலில் கேட்டறியுங்கள். தேசியப் பாடத்திட்டம், உள்ளூர் சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் அரசுப் பாடசாலையைப் போலத்தான்.

இடம்பெயர்ந்து வரும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது இந்த வகையே. அரசின் தூரப் புள்ளிக் கணக்கு இங்கே இல்லை. நேர்முகத்தில் பார்க்கப்படுவது திருமுழுக்கு, பங்கு வாழ்க்கை, பெற்றோர் படித்த இடம், பிள்ளையின் முந்தைய பெறுபேறு. கல்லூரி நேரத்திலேயே திருப்பலி, முதல் நற்கருணைக்கான ஆயத்தம் இரண்டும் நடக்கும். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம், கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் அதில் தனித்தனிப் பாடங்கள். கத்தோலிக்கத்தைத் தமிழில் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாக இருப்பது சிறிய விடயமல்ல.

சிக்கல்கள் வேறு. தரம் 1க்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டிலேயே திறந்து மூடிவிடும், அரசின் திகதியை நம்பி இருந்தால் பிந்திவிடுவீர்கள். இடைத் தரங்களில் யாராவது விலகினால்தான் இடம். தமிழ்மூலத்தில் ஒரு தரத்துக்கு ஒரே வகுப்புத்தான் உள்ள இடத்தில் வெற்றிடம் இன்னும் அரிது. பணத்தைப் பொறுத்தவரை தவணைக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அனுமதிக் கட்டணம் எவ்வளவு, அதில் திருப்பித் தரப்படும் வைப்பு எவ்வளவு, கட்டட நிதி உண்டா, இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை உண்டா என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். புனித சூசையப்பர், புனித பேதுரு இரண்டுக்கும் கொழும்புக்கு வெளியே கிளைகள் இருக்கின்றன. கிளையில் சேர்ந்தால் பிறகு தானாகவே தலைமைக் கல்லூரிக்கு மாற்றுவார்கள் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள்.

சர்வதேசப் பாடசாலைகள்

வெற்றிடம் இலகுவில் கிடைக்கும், ஆண்டின் நடுவிலும் சேர்ப்பார்கள். கனடாவிலோ வளைகுடாவிலோ ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு மாற்றம் வலிக்காது. பெரும்பாலும் எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் என்ற பிரித்தானியப் பரீட்சை. இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை என்பதால் கல்வி அமைச்சின் வழமையான மேற்பார்வைக்குள் வருவதில்லை. உள்ளூர் உயர்தரம் எழுதாவிட்டால் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி) இல்லை, அரச பல்கலைக்கழகத்துக்கான வழமையான வழியும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் வெளிநாடு போகும் குடும்பத்துக்கு இதுவே சரி. இங்கேயே தங்கப்போகிறவர்கள் அவசரத்தில் இதற்குள் போனால், ஆங்கிலத்திலிருந்து தமிழ்மூலத்துக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது தரம் 5க்குப் பிறகு மிகப் பாடு.

மொழிமூலம்

பெயர்பெற்ற கல்லூரியில் தமிழ்மூல வகுப்பில் இடமில்லை, சிங்களமூலத்தில் இருக்கிறது என்று சொன்னால் பல பெற்றோர் சரி என்றுவிடுகிறார்கள். தரம் 1 என்றால் பிள்ளை ஓரளவு பிடித்துக்கொள்ளும். தரம் 3இல் சுற்றாடல்சார் செயற்பாடுகள் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பிள்ளை கேள்வியே விளங்காமல் கரும்பலகையில் கண்ட வடிவத்தை அப்படியே கொப்பியில் வரைந்து வந்திருக்கும். அந்தக் கல்லூரியின் பெயருக்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்மூலத்தில் சேர்த்தால் சிங்களம் இரண்டாம் மொழியாகவும், இருமொழிக் கல்வி உள்ள பாடசாலைகளில் தரம் 6இலிருந்து சில பாடங்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கும்.

உயர்தரத்துக்கு முன் மாறுகிறவர்களுக்கு

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பிள்ளையின் மாவட்டம் எது என்பது பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையை வைத்தே தீர்மானமாகும், பெற்றோரின் சொந்த ஊரை வைத்தல்ல. மன்னாரிலோ கிளிநொச்சியிலோ மருத்துவத்துக்குப் போதுமான இசட் புள்ளி கொழும்பு மாவட்டத்தில் போதாமல் போகலாம். கணிதம், விஞ்ஞானம் எடுக்கப்போகும் பிள்ளையைத் தரம் 10, 11இல் கொழும்புக்குக் கொண்டுவருமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இரண்டு மாவட்டங்களின் வெட்டுப்புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதென்றால் பிள்ளையை உறவினரிடமோ விடுதியிலோ ஊரிலேயே விட்டுப் படிப்பிப்பதுதான் நியாயம்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் எடுக்க வேண்டியவை

திருமுழுக்குப் பதிவு, திருமுழுக்கு நடந்த பங்கிலேயே இருக்கும். புதிய பிரதியை அங்கேயே வாங்குங்கள். முதல் நற்கருணை, உறுதிப்பூசுதல் விவரங்களையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பழைய பங்குத்தந்தையின் கடிதத்தோடு கொழும்பில் புதிய பங்கில் குடும்பத்தைப் பதிந்தால்தான், பாடசாலை கேட்கும் பரிந்துரைக் கடிதத்தைப் புதிய பங்குத்தந்தையால் கொடுக்க முடியும். நேர்முகத்துக்கு முந்தின கிழமை முதன்முதலாக அவரைச் சந்திக்கப் போனால் அவர் என்னதான் எழுதுவார்?

பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'யோசப்', திருமுழுக்கில் 'சூசை', கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அலுவலகத்தில் கோப்பு அப்படியே நிற்கும். ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். பிந்தினால் அரசுப் பாடசாலைக் கதவு அதிலேயே அடைபடும்.

வீட்டைப் பாடசாலைக்குப் பிறகு பாருங்கள். கொட்டாஞ்சேனைப் பாடசாலை என்றால் மட்டக்குளி, வத்தளை, ஹெந்தளை. பம்பலப்பிட்டி என்றால் கரையோர ரயில் பாதையை ஒட்டிய வெள்ளவத்தை, தெஹிவளை. வத்தளையில் வீடெடுத்துப் பம்பலப்பிட்டிக்கு அனுப்பினால் பிள்ளை விடியற்காலை இருட்டிலேயே பாடசாலை வானுக்குக் காத்து நிற்க வேண்டிவரும்.

விடுகைப் பத்திரத்தை மட்டும் கடைசியாக எடுங்கள். அதை வாங்கினால் பழைய பாடசாலையின் இடாப்பிலிருந்து பெயர் நீங்கிவிடும். புதிய பாடசாலையின் அனுமதிக் கடிதம், தரமும் மொழிமூலமும் குறிப்பிடப்பட்டு, அதிபரின் கையொப்பத்தோடு கைக்கு வந்தபின் பழைய பாடசாலை அதிபரிடம் போய்க் கேட்டால் போதும்.