கடலில் நீந்த இடுப்பு மிதவை: வாங்கலாமா, எதை வாங்கலாம்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடலில் நீந்தும்போது இடுப்பில் பெல்ட்டால் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற காற்றடைத்த மிதவை இருக்கிறதே, டோ ஃப்ளோட் என்று விற்கிறார்கள், அதை வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள், அதுவும் ஆளுக்கொன்று வாங்குங்கள். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். விளம்பரப் படத்தில் ஒருவர் அமைதியான ஏரியில் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிப்பார். சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் மாதிரி அலையும் படகும் வலையும் உள்ள இடத்தில் அது உழைக்கிற உழைப்பே வேறு.

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். வார இறுதியில் விடிந்தும் விடியாமலும் ஈசிஆர் வழியாகக் கோவளம் போய், அலை உடைகிற இடத்தைத் தாண்டி, கரைக்கு இணையாக நீந்திவிட்டு வெயில் ஏறுவதற்குள் இட்லிக் கடைக்கு வந்துவிடுகிற கூட்டம். யாரும் வீரர் இல்லை. குற்றாலீஸ்வரன் 1994-ல் 12 வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, நீச்சல் கிளாசில் சேர்த்துவிடச் சொல்லி வீட்டில் அழுத தலைமுறை நாங்கள், அவ்வளவுதான். ஆளாளுக்கு வேறு வேறு இடத்தில் வாங்கிய மிதவைகள் எங்களிடம் இருப்பதால் நல்லது கெட்டது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, ஒரே மாதிரிப் பையை நாலு பேரில் விற்கிற சந்தை இது.

முதலில் பெரிய கேள்வி. இது உயிரைக் காப்பாற்றுமா? எல்லா மிதவையிலும் பொடி எழுத்தில், இது உயிர்காக்கும் சாதனம் அல்ல என்று அச்சடித்திருக்கும். அது சும்மா சட்டத்துக்குப் பயந்து போட்டது இல்லை. 20 லிட்டர் பையை முழுதாகத் தண்ணீருக்குள் அமுக்க ஏறக்குறைய 20 கிலோ பாரம் வேண்டும், நம் உடம்பு தண்ணீருக்குள் சில கிலோதான் கனக்கும். அதனால் நினைவோடு இருக்கிற ஒருவர் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு மிதந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் கை சோர்கிற வரைக்கும்தான். ஆனால் மயக்கம் வந்துவிட்டால் லைஃப் ஜாக்கெட் போல இது முகத்தை மேல்பக்கம் திருப்பி வைக்காது, மிதவை பாட்டுக்கு மிதக்கும், ஆள் பாட்டுக்குக் குப்புறக் கிடப்பார். நீச்சல் தெரியாதவரை இதை நம்பி ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது கொலைக்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் எதற்கு இது? படகுக்காரர் கண்ணில் படுவதற்கு. தண்ணீருக்கு மேலே நம்முடைய ஒரு தலையும் அவ்வப்போது ஒரு கையும்தான் தெரியும், கறுப்புத் தலை வேறு. நம் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் கரையிலிருந்து கிளம்புகிற ஃபைபர் படகுக்கு நேர் எதிரே சூரியன், தண்ணீர் முழுக்கத் தகதகவென்று இருக்கும், அந்த வெளிச்சத்தில் ஒரு தலை எந்த மூலைக்கு? மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிற படகுக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் கொஞ்சம் நன்றாகத் தெரியும், ஆனால் வேகமாக வருகிறபோது முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவருக்கு நேர் முன்னே இருப்பது மறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, படகே இருக்காதே என்று சிலர் நினைக்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையோரம் ஓடுகிற ஃபைபர் படகுகள் அந்த 61 நாளும் வழக்கம்போல் போய்வந்துகொண்டுதான் இருக்கும்.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் அதிகம் கிடைப்பது ஆரஞ்சு. எங்களில் பாதிப் பேர் வைத்திருந்ததும் அதுதான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் அண்ணன் ஒருவரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில், படகிலிருந்து பார்த்தால் எங்களைத் தெரிகிறதா அண்ணே என்று கேட்டோம். "தெரியாம இன்னா, நல்லாத்தான் தெரியுது. ஆனா ஆரஞ்சப் பாத்தா வலை மெதப்புன்னு நெனச்சுக்குவோம் தம்பி. வலைன்னா ஒதுங்கித்தான் போவோம், அது சரி. ஆனா மெதப்பு ஒரு எடத்துல நிக்கும், நீங்க நவுந்துக்கினே இருக்கீங்களே. அந்த அக்கா கட்டினு வருதே ரோஸு, அதக் கண்டா ஆளுன்னு கரெக்டா தெரிஞ்சிடும்." அதோடு விவாதம் முடிந்தது. அடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் பளீரென்ற ரோஸ்தான் வாங்கினார்கள், மீசை வைத்த மூத்தவர் உட்பட. எந்த இணையதளத்தின் ஸ்டார் ரேட்டிங்கிலும் கிடைக்காத தகவல் இது. உங்கள் ஊர்க் கடலில் எந்த நிறத்தில் வலை மிதப்பு கட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு அது இல்லாத நிறமாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது பயன், நம் ஆட்களை நாமே எண்ணிக்கொள்வது. அலைக்கு நடுவே தலையை எண்ண முடியாது, மிதவையை எண்ணலாம். கரையில் துண்டும் பையும் காவல் காத்துக்கொண்டு ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார், அவருடைய வேலையே அந்த எண்ணிக்கைதான். கோவளத்தில் 2021-ல் நீலக்கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துக் கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று) கிடைத்த பகுதியில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். மிதவை கட்டிக்கொண்டு, எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்குகிறவர்களை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. அதற்காக அவர்கள் விசில் ஊதினால் திரும்பாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது பெல்ட்டின் பக்கிள். பை கிழிந்தால் காற்று போகும், அவ்வளவுதான். பக்கிள் சரியில்லை என்றால் இரண்டு விதமாகத் தொல்லை. தானாகக் கழன்றுகொண்டால் மிதவை போய்விடும். கழற்ற வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் கயிறு ஒரு வலையிலோ வலைக் கயிற்றிலோ மாட்டிக்கொண்டால் ஒரே கையால், பார்க்காமல், நொடியில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். மிக மலிவான ஒரு மிதவையில் பக்கிளுக்குள் மணல் போய் அதன் இரண்டு பல்லும் இறுகிக்கொண்டன, கரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அமுக்கியும் வரவில்லை, கடைசியில் பெல்ட்டை இடுப்பு வழியாக உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. விற்றவரிடம் கேட்டால் மணலில் வைத்தால் வாரண்டி கிடையாது என்கிறார். கடற்கரையில் மணலில் வைக்காமல் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரிய பல் உள்ள பக்கிளாகப் பாருங்கள், வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் கழற்றிப் பாருங்கள், வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து கயிற்றின் நீளம். ரொம்ப நீளமாக விட்டால் மிதவை உங்கள் காலுக்குப் பின்னால் போய் ஒவ்வொரு உதைக்கும் பாதத்தில் இடிக்கும், கயிறு விரலில் சுற்றும். பை தொடைக்கு மேலே மிதக்கிற அளவில் வைத்தால் இருப்பதே தெரியாது. இழுப்பு அதிகமாக இருக்குமே, வேகம் குறையுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: பெரிதாகக் குறையாது, தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிக்கொண்டு வருகிற பொருள் அது. முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று அடிக்கிற நாளில் மட்டும் முன்னே வந்து முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நாலு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள், அப்புறம் பழகிவிடும்.

அலை உடைகிற இடத்தில்தான் இது சனியன் பிடித்த பொருள். அலைக்கு அடியில் முங்கிப் போகலாம் என்று பார்த்தால் நம்மை விட்டுவிட்டு மிதவையை மட்டும் அலை பிடித்துக் கரைக்கு இழுக்கும், அதோடு இடுப்பும் போகும். உள்ளே போகும்போது பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பையை மட்டும் கயிற்றோடு ஒரு கையில் கெட்டியாகப் பிடித்தபடி தாண்டி, தண்ணீர் அமைதியான பிறகு பின்னால் விடுவதுதான் வழி. வெளியே வரும்போது இன்னும் கவனம், அலைக்கு முன்னால் நீங்களும் பின்னால் மிதவையுமாக வந்தால் அது தலைமேல் ஏறி முன்னே குதிக்கும், கயிறு கழுத்துப் பக்கம் வரும். மார்கழி, தை மாதங்களில் வாடை தள்ளி அலை முரட்டுத்தனமாக இருக்கிற காலையில் நாங்கள் இறங்குவதே இல்லை. மழைக்குப் பிறகு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரத்திலிருந்து செம்மண் கலரில் தண்ணீர் வருகிற நாட்களிலும் இறங்குவதில்லை. அதற்கு மிதவை ஒன்றும் செய்ய முடியாது.

ஆனி, ஆடியில் வேறு கதை. காலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும், கரையோரம் தண்ணீர் பளிங்கு போல இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது காற்றடைத்த பை எம்மாத்திரம்? அப்படி ஒரு காலையில் குழுவில் ஒருவருடைய பெல்ட் நழுவி மிதவை தனியே கிளம்பியது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது, இரண்டு கை போட்டால் பிடித்துவிடலாம் போல. ரோஸ் மிதவை அக்கா போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆரஞ்சுப் புள்ளி சிறுத்துக்கொண்டே போய், நின்ற இடத்திலேயே நிற்கிற ஒரு வலை மிதப்பைத் தாண்டி, காணாமல் போய்விட்டது. நல்ல நீச்சல்காரராலும் அந்த வேகத்தைத் துரத்த முடியாது, துரத்துகிறவரையும் அதே காற்று கடலுக்குள்தான் தள்ளும். மிதவை போனால் போகட்டும், இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் இழுப்பில் மாட்டினால் மட்டும் இதன் அருமை தெரியும். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதுதான் ஆளைக் கொல்வது. மிதவையை நெஞ்சுக்கு அடியில் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, இழுப்பு விடுகிற வரை போய், கரைக்கு இணையாக நகர்ந்து, அப்புறம் கரை ஏற அது கொடுக்கிற நிதானம் இருக்கிறதே, விலை மொத்தமும் அதற்கே கொடுக்கலாம். பெல்ட்டில் ஒரு விசிலையும் கட்டிக்கொள்ளுங்கள், இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், காற்றில் கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

உள்ளே பொருள் வைக்கிற மாதிரி வாயைச் சுருட்டி மூடுகிற பையா, வெறும் காற்றுப் பையா என்று கேட்பார்கள். சுருட்டுகிற பைதான் என் ஓட்டு, ஆனால் அதை நம்பி நேரடியாகப் போனை வைக்காதீர்கள். மூன்று நாலு சுற்றுக்குக் குறையாமல் சுருட்டினாலும் ஒரு கரண்டித் தண்ணீராவது உள்ளே வந்துவிடும், வராவிட்டாலும் உள்ளே இருக்கிற காற்று வியர்க்கும். போனுக்குத் தனியாக ஒரு ஜிப் கவர். ரிமோட் உள்ள கார் சாவியை எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம், கரையில் காவல் இருப்பவரிடம் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வைக்கலாம், உப்பு வாயோடு பாதி வழியில் ஒரு வாய் நல்ல தண்ணீர் குடிக்கிற சுகம் தனி.

உழைப்பு எப்படி? மெல்லிய பிவிசி பை வெயிலில் வெளுத்து, மடிப்பில் வெடித்து, ஒரு வருஷம் தாண்டுவதே பெரிய விஷயம். நைலான் துணிமேல் டிபியூ என்கிற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் பூசிய பை விலை கூட, ஆனால் நின்று உழைக்கிறது. எதுவானாலும் கும்மென்று காற்றடைத்துக் காருக்குள்ளோ மணலிலோ வெயிலில் போட்டால் காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வால்வு வாயில் இருக்கும் மணலைத் தட்டி, நிழலில் காயப்போடுங்கள். ஓட்டை விழுந்தால் வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது, காற்றுமெத்தைக்கு விற்கிற வினைல் பசை வேண்டும். இரண்டு அறை உள்ள பையாக வாங்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். கூடுதலாக ஒரு இருநூறு முந்நூறு ரூபாய் ஆகலாம், யோசிக்காமல் கொடுங்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலு. கழித்த ஒன்று பக்கிளுக்காக, மொத்தச் சந்தையிலும் அது இன்னும் சரியாகவில்லை. இரண்டு அறை, 20 லிட்டர், சுருட்டுகிற வாய், ரோஸ் கலர், இந்த நாலும் சேர்ந்தது 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். வாங்கினதும் பெயரையும் ஒரு போன் நம்பரையும் பெர்மனன்ட் மார்க்கரில் பையின்மேல் பெரிதாக எழுதுங்கள், அந்த நம்பர் உங்களுடையதாக இல்லாமல் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.